ஓரடித் தண்ணீரில் ஐந்து பாகம்

"சார், இது செத்துடுச்சா, இல்ல தூங்குதா? பாத்துச் சொல்லுங்க" என்று தம்பி தொட்டியைக் காட்டினான்.

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நாற்பது லிட்டர் உப்புத்தண்ணீர். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கல். கல்லின்மேல் நான்கு வட்டங்கள், தணலில் சுட்ட அப்பளம் போல ஓரம் மடிந்து சுருண்டு கிடந்தன. காளான் பவளம் என்று பெயர். கொளத்தூரில் வாங்கி வந்த அன்று ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சிவப்பாக விரிந்திருந்ததாம். இப்போது நிறம் செத்து, வெளிறிய பழுப்பாகிவிட்டது. கல் முழுக்கப் பச்சைப்பாசி மயிர்போல வளர்ந்திருந்தது. தொட்டிக்கு மேலே, கல்யாண மண்டப வாசலில் கட்டுகிற மாதிரி ஒரு ஃப்ளட் லைட் வெள்ளைவெளேரென்று எரிந்துகொண்டிருந்தது.

இடம் சென்னை நொச்சிக்குப்பம், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு அப்பால் கடல். தம்பியின் அம்மாவிடம்தான் நான் பல வருடமாக மீன் வாங்குகிறேன். முன்பு லூப் ரோட்டு ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். 2024 ஆகஸ்டில் மாநகராட்சி 366 கடைகளோடு மீன் அங்காடியைத் திறந்த பிறகு அதற்குள் போய்விட்டார். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது அவருக்குத் தெரியும். "லைட்டப் பத்தி சாருக்குத் தெரியும், கேளு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே என்னை மாடிக்கு அனுப்பினார். அனுப்பும்போது தன் கட்சியையும் சொல்லத் தவறவில்லை: "ஜன்னலத் தொறந்தா கடலு. அதுல ரெண்டு கொடம் மொண்டாந்து வூட்டுக்குள்ள வெச்சுக்கினு, அதுக்கு லைட்டு வேற போடுறான் பாருங்க."

விளக்கின் அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 50 வாட், 5000 லூமென், 6500 கெல்வின். "நல்ல வெளிச்சமா வேணும்னு கேட்டேன் சார், இதக் குடுத்தாங்க" என்றான். கேட்டது தப்பில்லை. பவளத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடு என்று எங்கோ படித்திருக்கிறான். நிறையப் போட்டால் நிறையச் சாப்பிடும் என்று நினைத்திருக்கிறான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற எந்தத் தாயும் செய்கிற தப்புதான் இது.

லூமென் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. நம் கண்ணுக்குப் பச்சையை ஒட்டிய ஒளிதான், 555 நானோமீட்டர் அளவில், மிகப் பளிச்சென்று தெரியும். நீலமும் சிவப்பும் அதே சக்தியோடு வந்தாலும் மங்கலாகவே படும். ஆகவே லூமென் கணக்கில் பச்சைக்கு மதிப்பு அதிகம், நீலத்துக்குக் குறைவு. வீட்டுக்கு டியூப்லைட் வாங்குகிறவருக்கு அது சரியான அளவுகோல். காளான் பவளத்துக்கு நம்முடைய கண் இல்லை. பெட்டியில் அச்சடித்திருந்த அத்தனையும் எங்களுக்காக எழுதியது. தொட்டிக்குள் இருந்தவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

வாசற்படியில் தாத்தா வலைக்கண் கோத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சை அதுவரை கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது எத்தினி பாகத்துல இருக்குற உசுரு?"

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. கடலின் ஆழத்தை நம் மீனவர்கள் உடம்பால் அளந்த அளவு அது. எந்த மீனைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முப்பது வருடம் ஒளியியல் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. விளக்குக் கடைக்காரருக்கும் தோன்றியிருக்காது. பெரியவரின் கேள்விக்குள் பாதி விடை இருந்தது.

பாகக் கணக்குக்கு முன், அந்தச் சுருண்ட அப்பளம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பவளம் செடி இல்லை, பிராணி. வாய் உண்டு, வாயைச் சுற்றிக் கையுண்டு, வயிறு உண்டு. ஆனால் இடம்விட்டு இடம் போகக் காலில்லை. பிறந்து நீந்தி ஒரு கல்லில் அமர்ந்தால் ஆயுசு முழுக்க அதே கல். தெளிந்த வெப்பக் கடலிலோ மிதந்து வரும் இரை சொற்பம். இப்படி ஓர் உயிரைப் படைத்துவிட்டு, அது பிழைக்க என்ன வழி செய்திருக்கிறான் படைத்தவன் என்று பார்த்தால் மெய் சிலிர்க்கிறது.

அதன் தோலுக்குள், செல்லுக்குள்ளேயே, ஒரு பாசியணு குடியிருக்கிறது. சூசாந்தெல்லே என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு பருமன். பவளத் தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் அளவுக்கு இருக்கும். தம்பியின் காளான் விரிந்திருந்த நாளில் அதன் பரப்பு பன்னிரண்டு சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், அந்த ஒன்றிலேயே ஒரு கோடிக்கு மேல். சென்னை மாநகரத்து ஜனத்தொகை ஒரு வடைக்குள் குடியிருக்கிற மாதிரி. பவளம் மூச்சுவிட்ட கரியமிலவாயுவும் அதன் கழிவும் பாசிக்கு உரம். பாசி வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது. வெயில் நன்றாக விழும் இடத்துப் பவளங்களில் பல, தங்களுக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை இப்படியே பெறுகின்றன.

இந்த உறவு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பல வகைப் பவளங்களின் குஞ்சுக்குப் பிறக்கும்போது பாசி கிடையாது. கடல்நீரில் மிதந்து வரும் பாசியணுவை அது மற்ற இரையைப் போலவே வாயால் விழுங்குகிறது. விழுங்கிய மற்ற எல்லாவற்றையும் செரித்துவிடும். இதை மட்டும் செரிப்பதில்லை. உள்ளே அழைத்துப் போய் இடம் கொடுக்கிறது. பசியோடு விழுங்கிய வாய்க்கு, எதைச் செரிக்கக்கூடாது என்று யார் சொல்லிவைத்தது? டைனோசர்கள் உலவிய காலத்திலிருந்து இந்தக் கூட்டுக்குடித்தனம் நடக்கிறது. ரசாயனத்தில் இதற்கு விளக்கம் உண்டு, படித்திருக்கிறேன். படித்த பிறகு வியப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை.

குடித்தனத்துக்கு ஓர் அளவு உண்டு. வெளிச்சம் அளவுக்கு மேலே கொட்டினால் பாசியின் அடுப்பு பொங்கி வழியும். சமைக்க முடியாத சக்தி, செல்லைச் சுட்டெரிக்கிற வீரியம் மிகுந்த ஆக்சிஜன் சேர்மங்களாக மாறிவிடும். நீர் சூடாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது பவளம், தன்னைக் காத்துக்கொள்ள, சோறு போட்ட பாசியையே வெளியே தள்ளும். நிறம் கொடுத்ததும் பாசிதான் என்பதால் உடம்பு வெளுத்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறியபோது பவளப்பாறைகள் இப்படித்தான் வெளுத்தன. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடிவரை நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டத்தைச் சுற்றி நடந்தது, நொச்சிக்குப்பத்து மாடியில் ஓர் அப்பள அளவில் நடந்திருந்தது.

இனி பெரியவரின் கேள்வி.

வெயில் வெள்ளையாகத்தான் கடல்மேல் விழுகிறது. நீர் அதை அப்படியே கீழே விடுவதில்லை. நிறம் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. முதலில் சிவப்பு. தெளிந்த நீரிலும் மூன்று பாகம் இறங்குவதற்குள் ஆழ்ந்த சிவப்பில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். ஐந்து பாகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று மிஞ்சினால் அதிகம். ஆரஞ்சும் மஞ்சளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். நீலம் மட்டும் சளைக்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். பவளத்துக்குள் இருக்கும் பாசியோ நீலத்தைத்தான் முதன்மையாகப் பிடித்துச் சமைக்கிறது. கடல் எதைக் கீழே அனுப்புகிறதோ அதையே உண்ணும்படி ஒரு வயிறு. சமையற்காரரும் பரிமாறுகிறவரும் சாப்பிடுகிறவரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்ட பந்தி போல இருக்கிறது.

இந்த நீலத்தைப் பற்றிச் சொன்னால் எங்கள் கடற்கரைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நொச்சிக்குப்பத்திலிருந்து கரையோடு வடக்கே நடந்தால் மாநிலக் கல்லூரி. சி.வி. ராமன் அங்கே படித்தவர்; 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. அந்தக் காலத்தில் எத்தனை மாலை இந்தக் கடலைப் பார்த்தபடி நின்றிருப்பார்! 1921-ல் இங்கிலாந்திலிருந்து நர்க்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதுதான் கடலின் நீலம் என்று பெரிய பெயர் வாங்கிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிகோல் பட்டகத்தைக் கண்முன் பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். வானத்தின் சாயல் போயிற்று. நீலம் போகவில்லை, இன்னும் ஆழ்ந்து தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். ராமன் விளைவு பிறந்த 1928 பிப்ரவரி 28, 1930 நோபல் பரிசு எல்லாம் அந்தக் கப்பல் தளத்திலிருந்து கிளம்பிய பாதைதான். கடலின் நீலம் கடலுக்கே சொந்தம் என்பது வகுப்பில் நான் வருடாவருடம் சொன்ன பாடம். அந்த நீலத்தை ஒருவர் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார் என்பதைச் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

தம்பியின் தொட்டியில் நீர் எவ்வளவு? ஓரடி. சிவப்பை வடிகட்ட ஓரடி நீரால் ஆகாது. மேலே எந்த ஒளியைப் போட்டாலும் அப்படியே கீழே போய் விழும். இதை ஐந்து பாகத்து உயிர் என்று வைத்துக்கொண்டால், கடலில் அந்த ஐந்து பாகம் தண்ணீர் செய்கிற வேலையைத் தொட்டியில் விளக்கே செய்தாக வேண்டும். கடைக்குப் போய் இவன் வாங்க வேண்டியது வெளிச்சம் இல்லை; ஆழம். இதைச் சொன்னதும் தம்பி விழித்தான். தாத்தா தலையை ஆட்டினார்.

கெல்வின் என்கிற எண் இங்கே கைகொடுக்கும், சரியாகப் புரிந்துகொண்டால். அது வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறச் சாயல். குண்டு பல்பின் மஞ்சள் 2700. நடுப்பகல் வெள்ளை 6500-ஐ ஒட்டி. எண் ஏற ஏற நீலம் ஏறும். பவளத் தொட்டி வைப்பவர்கள் 14,000 முதல் 20,000 கெல்வின் வரை தேடுவது இதனால்தான். 6500 கெல்வினில் சிவப்பும் மஞ்சளும் தாராளம். அது கரையோரக் குட்டை வெளிச்சம். கல்லில் மயிர்ப்பாசி செழித்ததற்குத் தொட்டியில் போட்டு மிஞ்சிய தீனி ஒரு பாதி, இந்த வெளிச்சம் மறு பாதி.

அந்த வாரக் கடைசியில் கொளத்தூர் போனோம். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். தெருத்தெருவாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒரு கடையில் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு ஒன்றை மேலே தூக்கிப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் பவளத் தொட்டி என்றால் அதுதான். ஒளி பிரமாதம், நீரலையில் வெயில் நெளிவது போலவே நெளியும். ஆனால் அடுப்புச் சூடு. ஏப்ரலில் முப்பத்துமூன்று டிகிரி இருக்கும் மாடி அறையில், இருபத்தாறில் இருக்க வேண்டிய தண்ணீருக்கு மேல் அதை மாட்டினால் மீன்குழம்புதான். மெல்லிய டி5 டியூப்கள் நல்லவை, நீலம் ஒன்று வெள்ளை ஒன்று என்று சேர்த்துப் போடலாம். பழசாகும்போது கண்ணுக்குத் தெரியாமலே நிறம் மாறிவிடும், அதற்குள் மாற்ற வேண்டும். எல்.இ.டி.யைத்தான் எடுத்தோம். முப்பது வாட். 420 நானோமீட்டர் ஊதா கொஞ்சம், 450-ஐ ஒட்டிய நீலம் நிறைய, வெள்ளை ஒப்புக்கு. நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனித் திருகு. இந்தத் திருகுகள் இல்லாத விளக்கை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைக்காரர் தன்னுடைய அளவுமானியை இரண்டு நாள் இரவல் தந்தார். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்களை மட்டும் எண்ணுகிற கருவி. அந்த அளவை இவர்கள் 'பார்' என்கிறார்கள், ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த சொல். மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத்திட்டுக்கும் பார் என்றே பெயர். முத்துச் சிப்பி கிடக்கும் பார். இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நின்றதைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. உச்சிவெயிலில் கடல்மட்டத்தில் அந்தக் கருவி 2000 காட்டும். காளான் பவளம் கடலில் பெரும்பாலும் கல்லிடுக்கிலும் நிழலிலும் ஒட்டியிருப்பது. தொட்டியில் அதற்கு ஐம்பதிலிருந்து நூறுவரை போதும். கிளைகிளையாக வளரும் கல் பவளங்கள் இருநூறு, முந்நூறு கேட்கும். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். 2001 ஜூலையிலிருந்து கல் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரும்பவளம், கடல்விசிறி எல்லாம் சேர்த்து. புலிக்குள்ள அந்தஸ்து. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் தூத்துக்குடிக் கரையில் பல ஆண்டுகள் அவற்றை வெட்டி எடுத்த பாவம் நம் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

விளக்கை நீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டோம். நிறத்துக்கு ஐந்து பாகம், அளவுக்கு இடுக்கு நிழல். கல்லின்மேல் கருவி எண்பது காட்டும்வரை திருகினான். பிறகு நான் அதையும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். வெயில் தாக்கிப் படுத்தவருக்கு முதல் நாளே விருந்து வைக்கக்கூடாது. முதல் வாரம் ஆறு மணி நேரம், நாற்பது. அடுத்த வாரம் கொஞ்சம் கூட. மூன்று வாரம் கழித்து எட்டு மணி நேரம், எண்பது. தொடக்கத்தில் மெல்ல ஏறி முடிவில் மெல்ல இறங்கும்படி டைமர். எட்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாத பில்லில் பதினைந்து யூனிட் கூடும் என்று அம்மாவுக்குக் கணக்குச் சொன்னோம். அவர் கேட்டது வேறு: "அத்தோட அந்தக் கல்யாண லைட்டக் கயட்டுவீங்களா, மாட்டீங்களா?"

தாத்தாவுக்கு எல்.இ.டி. என்ற சொல்லே பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் பெரிய விளக்குகளைப் போட்டு மீன்களை மயக்கிக் கூட்டி, மொத்தமாக அள்ளுகிற விசைப்படகுகள் சின்னப் படகுக்காரர்களின் வயிற்றில் அடித்தன. 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. "கடல்ல போட்டா கேசு, வூட்ல போட்டா ஷோக்கா?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஜனவரியிலிருந்து இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகளும் நினைவுக்கு வந்தன. முட்டையிலிருந்து வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். விண்மீனும் நிலவும் பட்ட கடல்தான் ராத்திரியில் வெளிச்சம் என்ற நம்பிக்கையில் படைக்கப்பட்டவை. நாம் சாலையில் விளக்கு நட்டதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு ஓடுகின்றன. 1988-லிருந்து மாணவர்கள் இரவிரவாக இந்த மணலில் நடந்து முட்டைகளை எடுத்துக் காக்கிறார்கள். ஒளி சும்மா விழுகிற பொருள் இல்லை, அதை ஒவ்வொரு உயிரும் தன் பாஷையில் வாசிக்கிறது.

இந்தக் கரையில் விளக்குத் தேர்ந்தெடுப்பது ஒன்றும் புதிதல்ல. 1796-ல் கோட்டைக்குள் ஒரு மாடியில் தேங்காயெண்ணெய் விளக்கு, 1844-ல் தனித் தூண், 1894-ல் உயர்நீதிமன்றக் கோபுரம், 1977-ல் நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் இந்த முக்கோணக் கோபுரம் என்று இந்நகரம் கலங்கரை விளக்கத்தை மாற்றி மாற்றித் தேடியிருக்கிறது. கடலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசையும் பழையதே. 1909-ல் இதே மெரினாவில் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறந்தார்கள்.  இரண்டாம் உலகப்போரில் அது மூடப்பட்டது.

பவளமும் நமக்குப் பழசு. மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது. மத்தியதரைக் கடலில் எடுத்த செம்பவளத்தை இங்கே இறக்கி, பதிலுக்கு வைரம் ஏற்றிப்போன யூத வணிகர்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சென்னையில் இருந்தார்கள். ராமனை மயக்கிய அதே கடலின் சரக்கு. நம் பாட்டிமார் கழுத்தில் போட்ட அந்தச் செம்பவளத்துக்கும் தம்பியின் தொட்டியில் இருப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செம்பவளத்துக்குள் பாசி கிடையாது. கடலடிக் குகைகளிலும் பாறை நிழலிலும் வெளிச்சத்தை விலக்கி வாழ்வது. வருகிற இரையைப் பிடித்து உண்பது. ஒரு சகோதரிக்கு வெளிச்சமே சோறு, இன்னொருத்திக்கு இருட்டே வீடு. இரண்டு பேருக்கும் பந்தி போட்டவன் ஒருவன்.

ஐந்தாவது வாரம் போனபோது மாலை மயங்கிவிட்டது. வெள்ளை அணைந்து நீலம் மட்டும் எரிகிற நேரம். அறையில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

நான்கு காளான்களும் விரிந்திருந்தன. ஓரம் நீரோட்டத்தில் மெல்ல அசைந்தது. நீல வெளிச்சத்தில் சிவப்புக் கங்காக ஒளிர்ந்தன. விளக்கில் சிவப்பு இல்லை. நாங்களே திருகிக் குறைத்தது. எங்கிருந்து வந்தது சிவப்பு? அந்தப் பிராணியின் உடம்பிலிருந்து. நீலத்தை வாங்கி, கொஞ்சம் சக்தியைத் தான் வைத்துக்கொண்டு, மீதியைச் செம்மையாகத் திருப்பித் தருகிற புரதம் அதன் தோலில் இருக்கிறது. மேல்மட்டத்தில் வாழும் பவளங்களுக்கு இத்தகைய நிறப்புரதம் குடையாக இருந்து பாசியை வெயிலிலிருந்து காக்கிறது. ஆழத்தில், தட்டுப்பாடான நீலத்தைப் பாசிக்கு உதவும் வேறு நிறமாக மாற்றிக் கொடுக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

இந்த வகைப் புரதங்களில் முதலாவதை, பச்சையாக ஒளிர்வதை, 1962-ல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனில் கண்டுபிடித்தார். 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று விளக்குப் பிடித்துப் பார்க்க அது உதவியது. சிவப்பாக ஒளிர்வது வேண்டுமென்று தேடியபோது, 1999-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் குழு ஒன்று அதைக் கண்டது. ஆழ்கடலில் முங்கியல்ல; மாஸ்கோவில் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடமிருந்து வாங்கிய பவளத்தில். கடலே இல்லாத ஊர்! அந்தப் பவளத்தின் இனம் டிஸ்கோசோமா. தம்பியின் காளானும் அதே இனம். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் புற்றுச்செல்லைப் பின்தொடர உதவுகிற சிவப்பு, இங்கே ஈரத்துணி காயும் ஜன்னலுக்குக் கீழே யாரும் கேட்காமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"2019 ஆகஸ்டுல கடல் மின்னிச்சே, பாத்தீங்களா சார்?" என்று தம்பி கேட்டான். பார்த்தேன். திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று கரை நெடுக ராத்திரியில் அலை உடைந்த இடமெல்லாம் நீலத்தீ. நாக்டிலூக்கா என்கிற ஒற்றைச் செல் உயிர். அலை அடித்தால் ஒளி விடும். பவளத்துக்குள் இருக்கும் பாசியணுவும் அதுவும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒரே பெருங்குடும்பம் என்று சொன்னேன். ஒருவர் ஒளியைச் சாப்பிடுகிறார், ஒருவர் ஒளியைத் துப்புகிறார். மாசி மகத்துக்குக் கபாலீசுவரரே தீர்த்தவாரிக்கு இறங்கி வரும் கடலல்லவா. அதற்குள் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒன்பது மணிக்கு நீலமும் தானாக மங்கி அணைந்தது. ராத்திரி முழு இருட்டு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இருட்டும் அவற்றுக்குத் தேவைதான். பெரும் பவளப்பாறைகளில், ஆஸ்திரேலியாவில் குறிப்பாக, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் வருடத்தில் ஒருமுறை பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் ஒன்றாக முட்டையும் விந்தும் விடுகின்றன. கண்ணில்லாத உயிர் நிலவைக் கணக்கு வைக்கிறது. அமாவாசை பௌர்ணமி பார்த்து வலை இறக்கும் வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அம்மா அங்காடியிலிருந்து வந்துவிட்டிருந்தார். கை கழுவிவிட்டு இருட்டில் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தாத்தா எழுந்து வந்தார். "இப்போ எத்தினி பாகம்?" என்றார். ஐந்து என்றேன். ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு தூக்கலா கீது."

தம்பி சிரித்துக்கொண்டே ஹைட்ரோமீட்டரை எடுத்து மிதக்கவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். 1.025 இருக்க வேண்டும். 1.027 இருந்தது. சூட்டைத் தணிக்க நீர்மேல் வைத்திருந்த சின்ன மின்விசிறி நான்கைந்து நாளில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. மட்டம் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மூன்று லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்தது. மெல்ல, ஒரு டம்ளராக, சுவரோரமாக ஊற்றினான். பெரியவர் அதற்குள் வலைக்குத் திரும்பியிருந்தார்.